வேலூரில் நூலக ஆய்வு: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நூலக அறிவியலில் இளங்கலை, முதுகலைப் படிப்புகளான பி.லிப்., எம்.லிப். சேர்ந்தவர்களுக்குப் பாடங்களைவிடப் பயம் தருவது புராஜெக்ட். பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம். இரண்டிலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். சீனியர் ஒருவரின் தலைப்பை வாங்கி, கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி, 'மாணவர்களிடையே மின்வளங்கள் பற்றிய விழிப்புணர்வும் பயன்பாடும்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கூகுள் ஃபார்ம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நூறு பதில் வருகிறது, சதவீதம் போட்டு பைண்டிங் செய்தாகிவிடுகிறது. ஆய்வு நடந்த நூலகத்திலோ எதுவும் மாறுவதில்லை. அங்கே வேலை செய்கிற நூலகர் அந்தப் புராஜெக்டைப் படித்தும் இருக்கமாட்டார்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆய்வுக் கேள்வியை நூலகத்தில் புத்தகம் வழங்கும் கவுண்டர் பக்கத்தில் நின்று தேடுங்கள். வந்து படித்துவிட்டுப் போகிறவரைப் பற்றி ஏற்கனவே நிறைய எழுதியாகிவிட்டது. வந்தும் வெறுங்கையோடு திரும்பியவர், வாசல் வரை வந்து உள்ளே நுழையாதவர், நூலகம் பக்கத்துத் தெருவில் இருந்தும் அது தனக்கானது என்று நினைக்காதவர் ஆகிய மூவரைப் பற்றித்தான் நமக்குக் கொஞ்சமாகத் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட வாசகர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கிடைப்பார்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக

எந்தப் பட்டம் முடித்தவரும் பி.லிப். சேரலாம், அது ஒரு வருடம். அதற்கு மேல் எம்.லிப். சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டு வருட ஒருங்கிணைந்த படிப்பாக வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் இருக்கின்றன. கல்லூரி நூலகர் பணிக்கோ இந்தத் துறையில் உதவிப் பேராசிரியர் பணிக்கோ போக நினைத்தால் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வுக்கு இப்போதே தயாராகத் தொடங்குங்கள். நெட்டில் நமது பாட எண் 59. எம்.ஃபில். 2022ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளோடு நிறுத்தப்பட்டது. ஆகவே முதுகலை முடித்தவர் நேராக பிஎச்.டி.க்குத்தான் போக வேண்டும். ஆய்வு செய்து பழக இடையில் வேறு படிப்பு இல்லாததால், எம்.லிப். புராஜெக்டை அந்தப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1929ல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக நூலகப் பயிற்சி தொடங்கியது. 1931ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வெளிவந்தன. 1948ல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்வது அந்தச் சட்டத்தால்தான். குடியாத்தத்தில் வீட்டு வரி கட்டுகிற நெசவாளர் ஊர்க் கிளை நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். அவருக்கு அந்த நூலகம் என்ன தருகிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

ஐந்து விதிகளையும் நெட் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அவற்றைக் கேள்விகளாகத் திருப்பிப் பாருங்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்றால், பூட்டிய பீரோவில் எத்தனை நூல்கள் இருக்கின்றன? ஒவ்வொரு வாசகருக்கும் அவரது நூல் என்றால், எந்த வாசகருக்கு இங்கே ஒன்றுமே இல்லை? ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்றால், வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட வெளியே போகாத நூல்கள் எவை? வாசகரின் நேரத்தைச் சேமி என்றால், ஒருவர் கேட்ட புத்தகம் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது? நூலகம் வளரும் உயிரி என்றால், ஐந்து வருடத்தில் இங்கே என்ன மாறியது? ஐந்துமே ஒரு எம்.லிப். மாணவர் தன் ஊர் நூலகத்திலேயே அளந்து பார்க்கக்கூடியவை.

தலைப்புக்கு முன்னால் ஒரு நூலகம்

தலைப்பு கொடுக்கும் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு நூலகத்தைத் தேர்ந்துகொண்டு, நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் உட்காருங்கள். வேலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சுற்றிலும் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் இருக்கின்றன. கல்லூரி நூலகம் என்றால் ஊரிஸ், முத்துரங்கம் அரசு கலைக்கல்லூரி, டி.கே.எம்., காட்பாடி ஆக்சிலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என்று வரிசையே உண்டு. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், காட்பாடிப் பக்கம் விஐடி, வேலூரில் சிஎம்சி மருத்துவக் கல்லூரி. இவ்வளவு வகை நூலகங்கள் ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள் இருப்பது ஆய்வாளருக்குப் பெரிய வசதி. கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனதும் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். கவனியுங்கள். காலையில் செய்தித்தாளுக்கு வரும் பெரியவர்கள் எத்தனை மணிக்குப் போகிறார்கள்? டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்களா, நூலகப் புத்தகத்தைக் கேட்கிறார்களா? பெண்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள், எந்த நேரத்துக்குப் பிறகு ஒருவரும் இல்லை? ஒருவர் நூலகரிடம் கேட்டது என்ன, கிடைத்தது என்ன? ஒரு நோட்டில் தேதி, மணி, கேட்ட பொருள், கிடைத்ததா இல்லையா என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம். '1806 வேலூர்ப் புரட்சி பற்றி எட்டாம் வகுப்பு மாணவிக்கு, தமிழில். கிடைக்கவில்லை' என்பது போல ஒரு வரி போதும். கிடைக்காமல் போனவை வழங்கல் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. அதனால் இந்த நோட்டில் இருப்பது வேறு எங்கும் கிடைக்காத தரவு. இந்தப் பழக்கத்தை எல்லா நூலகங்களிலும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

தலைப்பைச் சுருக்குவது

நோட்டில் கொஞ்சம் சேர்ந்ததும், திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் பிடியுங்கள். நல்ல தலைப்பில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கும்: யார், எந்தச் சேவை, எதை அளக்கப்போகிறீர்கள். 'வேலூர் மாவட்டப் பொது நூலகங்களின் சேவைகள்' என்பது தலைப்பே இல்லை, அது ஒரு துறை. 'மாலை 6 மணிக்கு மேல் கிளை நூலகத்துக்குப் பெண்கள் வராததன் காரணங்கள்' என்பது தலைப்பு.

நம் பகுதியிலேயே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

சிஎம்சிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். கூட வரும் குடும்பத்தினர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளே வங்காளத்தில் எழுதியிருக்கும். அவர்களுக்கு என்ன தகவல் தேவைப்படுகிறது, அதை யாரிடம் கேட்கிறார்கள், பொது நூலகம் அதில் ஏதாவது செய்ய முடியுமா? நோயாளியின் நோயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், தகவல் தேவையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யலாம்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது படிக்கும் குடும்பங்கள் நிறைய. அங்குள்ள கிளை நூலகங்களில் உருது நூல்கள் எத்தனை, கடைசியாக எப்போது வந்தன, யார் எடுத்தார்கள்? ஆந்திர எல்லை ஓரத்து ஊர்களில் தெலுங்கைப் பற்றியும் இதையே கேட்கலாம். தோல் தொழிற்சாலை ஷிப்டு முடிகிற நேரமும் நூலகம் மூடும் நேரமும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்பது இன்னொன்று. வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு நூலகம் எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்பது மற்றொன்று.

நூலக அறிவியல் கல்வியைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்குக் கேள்வித்தாளே தேவைப்படாத தலைப்பு ஒன்று உண்டு. கடந்த ஒரு வருடத்தில் வந்த நூலகர் பணி விளம்பரங்களைச் சேகரியுங்கள். அவற்றில் கேட்கப்படும் திறன்களை, அதாவது கோஹா (நூலக மென்பொருள்), மார்க் 21 (நூல் விவரப் பதிவு வடிவம்), டிஸ்பேஸ் (மின்களஞ்சிய மென்பொருள்), தரவுத்தளத் தேடல், ஆய்வு மேற்கோள் உதவி போன்றவற்றை, அட்டவணையாக்குங்கள். பக்கத்தில் உங்கள் பாடத்திட்டத்தை வையுங்கள். எந்தத் திறனுக்குச் செய்முறை வகுப்பு இருக்கிறது, எது தியரியில் ஒரு பக்கத்தோடு நிற்கிறது, எது இல்லவே இல்லை என்று தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டைச் செய்து முடிக்கும் மாணவருக்கு, தான் அடுத்து என்ன கற்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரியும்.

தமிழ் நூலைத் தேடிக் கிடைக்காத கதை

ஒரு தலைப்பைப் பற்றி மட்டும் விரிவாக எழுத அனுமதியுங்கள். இதில் யாராவது இறங்கினால் தமிழ்நாட்டின் எல்லாக் கல்லூரி நூலகங்களுக்கும் பயன்படும்.

பல கல்லூரிகள் இப்போது கோஹாவுக்கு மாறிவிட்டன. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000ல் பயன்பாட்டுக்கு வந்த திறமூல மென்பொருள் அது. கட்டணம் இல்லை. நிர்வகிக்கத்தான் ஆள் வேண்டும். புத்தகங்களைக் கணினியில் ஏற்றும்போது தமிழ் நூல்களின் தலைப்புகளைச் சிலர் ஆங்கில எழுத்தில் தட்டினார்கள், சிலர் தமிழில் தட்டினார்கள். ஆங்கில எழுத்தில் தட்டியவர்களிலும் 'வரலாறு' என்பதை ஒருவர் ஒரு 'ஏ' போட்டும் இன்னொருவர் இரண்டு 'ஏ' போட்டும் எழுதியிருப்பார்கள். 'ழ'வுக்கு இசட், எல், எல்எச், இசட்எச் என்று நாலு வகை. மாணவி ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினி நூற்பட்டியலில் தேடுகிறாள், ஒன்றும் வரவில்லை, 'புக் இல்லை' என்று போய்விடுகிறாள். புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்திலேயே ஏற்றியிருந்தாலும் பிரச்சினை முடியாது. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒருமுறை, கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாக ஒருமுறை. திரையில் வேறுபாடு தெரியாது. கணினி இரண்டையும் இயல்பாக்கி ஒன்றாகக் கொள்ளும்படி அமைக்கப்படாவிட்டால், தேடல் ஒன்றைக் கண்டுபிடிக்கும், மற்றதை விட்டுவிடும். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடிப்பவர்கள் உண்டு. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றிய பதிவுகளும் உண்டு. அவை திரையில் புரியாத ஆங்கிலக் குறிகளாக நிற்கும். கோஹாவில் ஜெப்ரா தேடுபொறியை நிறுவும்போது பலமொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு அட்டவணை முறையைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதும் தமிழ்த் தேடலைப் பாதிக்கும். அப்புறம் சந்தி: 'நூலகத்துறை' என்று சேர்த்து ஏற்றியிருந்தால் 'நூலகத் துறை' என்று பிரித்துத் தேடுபவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஆய்வாக இதைச் செய்வது எளிது. அலமாரியிலிருந்து குலுக்கல் முறையில் 200 தமிழ் நூல்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் ஓபேக்கில் மூன்று வழியில் தேடுங்கள்: தமிழ் எழுத்தில் தலைப்பு, ஆங்கில எழுத்தில் தலைப்பு, ஆசிரியர் பெயர். கிடைத்ததா, எத்தனையாவது இடத்தில், கிடைக்காததற்குக் காரணம் என்ன என்று குறியுங்கள். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்து முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்கள் கையில் இருப்பது திருத்த வேண்டிய பதிவுகளின் பட்டியல். நூலகர் மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.

முன்னால் எழுதியவர்களைப் படிப்பது

ஷோத்கங்காவில் தொடங்குங்கள். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்னெட் மையம் நடத்தும் தளம் அது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கும், காசு வேண்டாம். அங்கே ஆய்வேட்டை எடுத்ததும் முடிவுரைக்குத் தாவாமல் ஆய்வுமுறை இயலை முதலில் படியுங்கள். மாதிரி எப்படி எடுத்தார், கேள்வித்தாளை எப்படிச் சோதித்தார் என்று பாருங்கள். பின்னிணைப்பில் கேள்வித்தாளே இருக்கும்.

இதழ்களில் 'அனல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்', பாதுகாப்பு ஆய்வுத் துறையின் டெசிடாக் மையம் வெளியிடும் இதழ் இரண்டும் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி கிடைப்பவை. உலக அளவில் திறந்த அணுக்க இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் தேடலாம், இ-லிஸ் என்ற நூலக அறிவியல் களஞ்சியத்திலும் தேடலாம். அரசு உயர்கல்வி நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 13,000 இதழ்கள் அதில் உள்ளன. கல்லூரிகளுக்கு இன்ஃப்லிப்னெட்டின் மின்னிதழ், மின்நூல் திட்டமான என்-லிஸ்ட் இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு எது உண்டு, உங்களுக்கு லாகின் உண்டா என்று நூலகரைக் கேளுங்கள். லாகின் இருந்தும் ஒருமுறைகூட உள்ளே நுழையாமல் படிப்பை முடித்தவர்கள் பலர்.

படித்ததை ஜோட்டீரோவில் சேமித்து வாருங்கள். இலவச மென்பொருள், மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுத் தரும். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் 'இந்தத் தலைப்பில் பத்துக் கட்டுரை கொடு' என்று கேட்டு, வந்ததை அப்படியே சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பது போலவே அது எழுதித் தரும். நூலகப் படிப்பு படித்தவர் இல்லாத நூலை மேற்கோள் காட்டினால் அது துறைக்கே அவமானம். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

அனுமதி

இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். பொது நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு, துறைத் தலைவர் வழியாக, முத்திரையோடு கடிதம். கல்லூரி என்றால் முதல்வருக்கு. மருத்துவமனை வளாகம் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் பேசக்கூடாது. கடிதத்தில் என்ன கேட்கப்போகிறீர்கள், எத்தனை நாள், எந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும், முடிவை எப்போது கொடுப்பீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கேள்வித்தாளின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

வழங்கல் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால், யார் என்ன படித்தார் என்பது உங்கள் கண்ணில் படும். அது அந்த வாசகரின் சொந்த விஷயம். உறுப்பினர் பெயரையும் எண்ணையும் எடுக்காதீர்கள், போனில் படம் பிடிக்காதீர்கள். நூலின் பொருள், தேதி, பெரியவரா சிறுவரா என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ஊரில் வயதும் தெருவும் தொழிலும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தரவு திரட்டும்போது

பழைய எண்களைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்தது. 1989ல் அது பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019ல் மறுபடியும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆகவே 2015ல் வேலூர் மாவட்ட உறுப்பினர் எண்ணிக்கையையும் இப்போதைய எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய சரிவு தெரியலாம். வாசிப்பு குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், மாவட்டம்தான் குறைந்தது. கிளை நூலகம் ஒன்றை எடுத்து அதன் எண்களை மட்டும் ஒப்பிடுவது பத்திரமான வழி. நூலக ஆணைக்குழுவின் பதிவுகள் எந்தத் தேதியிலிருந்து எந்த எல்லைக்கு உரியவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாதிரி அளவுக்கு எல்லோரும் கிரெஜ்சி, மார்கன் 1970ல் வெளியிட்ட அட்டவணையைக் காட்டுவார்கள். மொத்தம் 1,000 பேர் என்றால் 278, 10,000 பேர் என்றால் 370. அட்டவணை சரிதான். ஆனால் அது குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு உரியது. வாசலில் நின்று வருகிறவர்களிடம் நிரப்பி வாங்கிய 278 தாள், அடிக்கடி வருகிறவர்களை மட்டுமே காட்டும். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் உங்கள் வலையில் விழவே மாட்டார். கல்லூரி என்றால் வருகைப் பட்டியலிலிருந்து பெயர்களைக் குலுக்கி, அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். 'நான் லைப்ரரிக்கே போனதில்லை' என்று சொல்லும் மாணவனை அங்கேதான் சந்திப்பீர்கள். அவனை விடாதீர்கள். பொது நூலகம் என்றால் பக்கத்துத் தெருக்களில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போங்கள்.

கேள்வித்தாள் தமிழில் இருக்கட்டும், தேவையான இடத்தில் உருதுவிலும். ஆங்கிலத்தில் தயாரித்து அப்படியே மாற்றியது வேண்டாம். 'நூலகச் சேவைகளில் தங்களின் திருப்தி நிலை யாது?' என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுப்பா" என்பார் பெரியவர். நூலகர் மேடம் காதில் விழுமோ என்ற தயக்கமும் அதில் இருக்கும். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வந்தீர்கள், எதைத் தேடி வந்தீர்கள், கிடைத்ததா, கிடைக்காததும் என்ன செய்தீர்கள்? இதற்குத் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிக்கச் சொல்வதைவிட நேர்மையான பதில் வரும். கவுண்டரிலிருந்து தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். படிக்கத் தயங்குகிறவருக்கு நீங்களே வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

சேவைத் தரத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் லிப்குவால் முறையின் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில் உண்டு: குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் ஏற்பீர்கள், எவ்வளவு இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் செய்தி. 22 கேள்விகளையும் அப்படியே இறக்காமல் உங்கள் நூலகத்துக்குப் பொருந்துவதை எடுத்து, ஒரு இருபது பேரிடம் முன்சோதனை செய்து, புரியாத சொற்களை மாற்றிய பிறகு களத்துக்குப் போங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எண்ணினால் கூட்டம் வேறு மாதிரி இருக்கும், பள்ளி விடுமுறையில் வேறு மாதிரி. எந்த வாரம் எண்ணினீர்கள் என்பதை எழுதாத ஆய்வை நம்பமுடியாது.

கணக்கும் எழுத்தும்

கணக்குக்கு விரிதாள் போதும். சதவீதத்தோடு எண்ணிக்கையையும் போடுங்கள். 12 பேரில் 6 பேரை 50 சதவீதம் என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு வேறு படம் தோன்றும். கை-ஸ்கொயர் சோதனையோ வேறு புள்ளியியல் சோதனையோ, உங்கள் கேள்விக்குப் பதில் தந்தால் மட்டும் போடுங்கள். இயல் நிறைய வேண்டும் என்பதற்காகப் போட்ட அட்டவணையை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விளக்க முடியாமல் தவிப்பார்கள். அதே சமயம், எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த முடிவை மறைக்காதீர்கள்.

எழுத்துக்களவு விஷயத்தில் யுஜிசியின் 2018 விதிமுறை 10 சதவீதம் வரையிலான ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்கிறது. மென்பொருளை ஏமாற்றச் சொற்களை மாற்றிப் போடுவதைவிட, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் சொல்லில் எழுதிப் பழகுங்கள். நோட்டில் எழுதி வைத்த கவனிப்புகள் இருந்தால் ஒற்றுமை தானாகவே குறையும், ஏனென்றால் அவை வேறு யாரிடமும் இல்லை.

கட்டுரை வெளியிடும்போது, மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தொடாதீர்கள். தரமான இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025ல் கைவிடப்பட்டுவிட்டது. இனி இதழின் தரத்தை நாமேதான் எடைபோட வேண்டும். ஆசிரியர் குழுவில் யார், பழைய இதழ்களின் கட்டுரைகள் எப்படி, மதிப்பாய்வுக்கு எவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இதழைத் தரம் பார்த்துச் சொல்வது நூலகரின் வேலைகளில் ஒன்று என்பதால், இதில் பெறும் பழக்கம் பின்னால் நீங்கள் உதவப்போகும் ஆய்வாளர்களுக்கும் உதவும்.

திருப்பிக் கொடுப்பது

புராஜெக்டைச் சமர்ப்பித்த வாரத்திலேயே, ஆய்வு செய்த நூலகத்துக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கொடுங்கள். முதல் பக்கத்தில் என்ன கண்டீர்கள் என்பது, அட்டவணை ஒன்று அல்லது இரண்டோடு. இரண்டாம் பக்கத்தில் என்ன செய்யலாம் என்பது, மூன்றாகப் பிரித்து: பணம் இல்லாமல் நூலகரே நாளைக்குச் செய்யக்கூடியவை, மாவட்ட அளவில் முடிவெடுக்க வேண்டியவை, பணம் தேவைப்படுபவை. போட்டித் தேர்வு நூல்களை வாசல் பக்க அலமாரிக்கு மாற்றுவது முதல் வகை. ஒரு கிளையின் நேரத்தை மாற்றுவது இரண்டாம் வகை. உருது நூல் வாங்குவது மூன்றாம் வகை. நூலகரைக் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஆள் திறந்து, பெருக்கி, பதிவேடு எழுதி, மூடுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்.

வாசகர் வட்டம் இயங்கும் நூலகமாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். பதில் சொன்னவர்களில் சிலர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று ஒருவர் திருத்தினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. நிரப்பாத கேள்வித்தாள், எண்ணிய நாட்களும் நேரங்களும், அடையாளம் நீக்கிய அட்டவணை, நூலகத்தின் எல்லை பற்றிய குறிப்பு நான்கையும் ஒரே கோப்பாக்கி உங்கள் துறையிலோ கல்லூரிக் களஞ்சியத்திலோ சேர்த்துவிடுங்கள். கோப்பின் பெயரில் ஊர், நூலகம், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். அடுத்த வருடம் ஒரு மாணவி அதே கிளையில், அதே மாதத்தில், அதே கேள்விகளோடு போய் எண்ணினால், நீங்கள் சொன்னதில் எது மாறியது, எது அப்படியே இருக்கிறது என்று ஒப்பிட அவளுக்கு எல்லாம் கையில் இருக்கும்.